பரம்புப் பலகையும் எரிமலையும்

திருக்கடையூரில் கல் கிடையாது. அமிர்தகடேசுவரர் கோயில் முழுக்கக் கல்தானே என்பீர்கள். அது மேற்கே எங்கோ வெட்டி இழுத்து வந்த கல். வீடு கட்டும் ஜல்லி இன்றும் லாரியில்தான் வருகிறது. மண்வெட்டியை எங்கே போட்டாலும் களிமண். அதற்குக் கீழே மணல். மணலுக்குக் கீழே மறுபடியும் களிமண். சின்ன வயதில், மோட்டார் கொட்டகைப் பக்கம் போர் போடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது பெரியப்பாவிடம் கேட்டேன்:

“ஏன் பெரியப்பா, நம்ம ஊர்ல ஒரு பாறைகூடக் கிடையாதா?”

“பாறை கெடந்தா நாத்த எங்கடா நடுறது?”

விவசாயியின் பதில் அது. புவியியல்காரரின் பதில், பாறை இருக்கிறது, ஆனால் எட்டாத ஆழத்தில் இருக்கிறது என்பது. காவிரிப் படுகை என்று எண்ணெய் தேடுகிறவர்கள் சொல்லும் இந்தப் பள்ளத்தில், ஆறும் கடலும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கொட்டிய வண்டல் சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் தடிமன். அந்த வண்டலுக்குள் சிக்கிக் கிடப்பதைத்தான் நரிமணத்திலும் அதைச் சுற்றியும் துளைபோட்டு எடுக்கிறார்கள். குடகிலிருந்து வரும் வழியில் ஆறு அரைத்துக் கொண்டுவந்த பழைய மலைகளின் மாவின் மேல்தான் நாம் குடியிருக்கிறோம்.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து எரிமலைத் தீவைப் பற்றி எழுதுவது கொஞ்சம் விநோதம்தான். ஆனால் இந்தியாவில் இன்று கனன்றுகொண்டிருக்கும் ஒரே எரிமலை நம் கடலின் எதிர்க்கரையில் இருக்கிறது. திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி கூப்பிடு தூரம். அங்கே டேனியக் கோட்டைக்கு முன்னால் நின்று நேர் கிழக்கே ஒரு கோடு போட்டால், வங்கக் கடலைக் கடந்து, தென் அந்தமானுக்கும் சின்ன அந்தமானுக்கும் நடுவில் உள்ள நீரிணைக்குள் அது நுழையும். அந்தப் பக்கம் வெளியே வந்து சற்று வடகிழக்கே திரும்பினால் பாரன் தீவு. நம் கரையிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர். போர்ட் பிளேயரிலிருந்து 140 கிலோமீட்டருக்குள்.

ஆள் இல்லாத தீவு. குறுக்களவு மூன்று கிலோமீட்டர்தான். கடல்மட்டத்துக்கு மேல் தெரியும் உயரம் 350 மீட்டரை ஒட்டி இருக்கும். திருச்சி மலைக்கோட்டையை நான்கு முறை அடுக்கினால் வரும் உயரம். ஆனால் அது தலை மட்டும். கடல்தரையிலிருந்து அளந்தால் மலை 2,000 மீட்டரைத் தாண்டுகிறது. பழைய மலை ஒன்று எப்போதோ உள்ளே இடிந்து விழுந்து, இரண்டு கிலோமீட்டர் அகலத்தில் ஒரு கிண்ணம் போல ஆகியிருக்கிறது. கிண்ணத்தின் விளிம்பு வடமேற்கே உடைந்து கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. நடுவில், நெல் தூற்றும் களத்துப் பொலி போல, சாம்பலும் கங்கும் குவிந்த ஒரு கூம்பு. புகைவது அதுதான். எரிகுழம்பு இறங்கினால் உடைந்த வாய் வழியாகக் கடலுக்குப் போகும். ‘பாரன்’ என்றால் எதுவும் விளையாத தரிசு என்று பொருள். ஆனால் கிண்ணத்தின் வெளிச்சரிவுகளில் காடு இருக்கிறது. பெயர் வைத்தவர் கப்பலைச் சுற்றி ஓட்டிப் பார்க்கவில்லை போலும்.

கல்லே இல்லாத ஊருக்கும் கல் உருகி ஓடும் தீவுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு கடலுக்கு அடியில் இருக்கிறது. நம் வயலைத் தாங்கும் நிலத்தட்டும், தரங்கம்பாடிக்குக் கிழக்கே நீருக்குள் இறங்கும் கடல்தரையும் ஒரே தட்டு. இந்தியத் தட்டு என்று பெயர். அது முழுதாக வடகிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது, ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர். திருக்கடையூருக்கு மணிவிழா செய்துகொள்ள வரும் தம்பதிக்கு இந்தக் கணக்கைச் சொல்லலாம்: அவர்கள் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை அபிராமி சந்நிதியும் கோபுரமும் திருக்குளமும் சேர்ந்தே 3 மீட்டர் நகர்ந்திருக்கின்றன. எண்பதுக்கு மறுபடி வந்தால் இன்னும் ஒரு மீட்டர்.

நகர்கிற தட்டு எங்காவது போய் முட்ட வேண்டும். வடக்கே முட்டியதில் இமயமலை எழுந்தது. கிழக்கே அந்தமானுக்கு அருகில் அது முட்டி நிற்பதில்லை. எதிரே இருக்கும் தட்டுக்கு அடியில் நுழைந்துவிடுகிறது. நுழையும்போது என்ன ஆகும் என்பதைக் காட்ட எங்கள் வயலிலேயே ஒரு கருவி உண்டு. உழுது தண்ணீர் கட்டிய வயலில் மாட்டைப் பூட்டிப் பரம்பு அடிக்கும்போது, பலகைக்கு முன்னால் சேறு திரண்டு மேடாகக் குவியும். பலகை போகப்போக மேடு வளரும், மடியும், ஒன்றின் மேல் ஒன்று ஏறும். வங்கக் கடலின் தரையில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய சேறு விசிறி போல இலங்கைக்குத் தெற்குவரை விரிந்து கிடக்கிறது. அந்தச் சேற்றைச் சுமந்துகொண்டு தட்டு கீழே நுழையும்போது, மேல்தட்டின் விளிம்பு பரம்புப் பலகையாகிச் சேற்றை வழித்து எடுக்கிறது. வழித்ததும் மடிந்ததும் அடியிலிருந்து பிய்ந்து வந்த கடல்தரைத் துண்டுகளும் சேர்ந்து உயர்ந்த மேடுதான் அந்தமான் நிக்கோபார்த் தீவு வரிசை. ஆகவே அந்தத் தீவுகளில் பெரும்பாலானவை எரிமலை அல்ல. அமுங்கிக் கல்லான மணலும் சேறும்தான். மத்திய அந்தமானை ஒட்டிய பாராடங்கில் பூமிக்குள்ளிருந்து சேறு குமிழியிட்டு வருவதைச் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள்.

தரங்கம்பாடிக்காரர்களுக்கு இந்தத் தீவுகள் புதிதும் இல்லை. ராஜேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டில் மாநக்கவாரம் என்று வருவது நிக்கோபார்தான். 1755இல் தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்ட டேனியர்கள் அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நிக்கோபாரைத் தங்கள் நாட்டுக்குச் சொந்தமென்று அறிவித்தார்கள். காய்ச்சலில் செத்துச் செத்து, விட்டுவிட்டு வந்து, மறுபடி போனார்கள். 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். அதைக் கையளிக்க வந்த ‘கலாதியா’ என்ற போர்க்கப்பல் இங்கே வேலை முடிந்ததும் நிக்கோபாருக்குப் போனது. ஹின்ரிக் ரிங்க் என்ற இளம் புவியியலாளர் அந்தக் கப்பலில் இருந்தார். நிக்கோபாரின் பாறைகளைப் பற்றி முதலில் எழுதியவர்களில் அவர் ஒருவர். பின்னாளில் அவர் பெயர் பெற்றது கிரீன்லாந்தின் பனியில்.

சேறு மேலே வழிக்கப்பட்டுவிட்டது. தட்டு மட்டும் சாய்ந்து கீழே போகிறது. இனிமேல்தான் விஷயமே.

எரிமலை என்றதும் பூமிக்குள் எல்லாம் கொதிக்கும் குழம்பு, ஓட்டை விழுந்தால் வெளியே வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் நினைத்துக்கொண்டோம். பூமியின் மேலோட்டுக்கு அடியில் உள்ள பகுதி பெரும்பாலும் கெட்டியான பாறைதான். சூடு இருக்கிறது, ஆனால் மேலே இருக்கும் பாரம் அதை உருகவிடாமல் அழுத்திப் பிடித்திருக்கிறது. இதற்குள் நுழையும் கடல்தரையோ குளிர்ந்தது, கோடிக்கணக்கான ஆண்டுகள் கடல் தண்ணீரில் ஊறியது. குளிர்ந்த ஒன்றைச் சூடான ஒன்றுக்குள் செருகினால் சூடு குறையத்தானே வேண்டும்? பிறகு தீ எங்கிருந்து வருகிறது?

தண்ணீரிலிருந்து வருகிறது. கடலில் ஊறிய பாறையின் கனிமங்களுக்குள்ளேயே தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. தொட்டால் ஈரம் தெரியாது. படிகத்தின் கட்டமைப்பிலேயே அது கலந்திருக்கிறது. தட்டு சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கும்போது அழுத்தமும் சூடும் கூடி, அந்தக் கனிமங்கள் தண்ணீரைக் கக்குகின்றன. அது மேலே இருக்கும் சூடான பாறைக்குள் ஏறுகிறது. காய்ந்த நிலையில் உருக 1,200 டிகிரிக்கும் மேலே சூடு கேட்கும் பாறை, தண்ணீர் சேர்ந்தால் அதைவிடச் சில நூறு டிகிரி குறைவிலேயே இளகத் தொடங்கிவிடும்.

அடுப்படியில் இதைப் பார்த்திருக்கிறோம். வெறும் வாணலியில் வெல்லத்தைப் போட்டால் அது உருகுவதற்குள் அடிப்பிடித்துக் கருகும். ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்தால் லேசான சூட்டிலேயே பாகாகிவிடும். உவமை முழுசாகப் பொருந்தாது, வெல்லம் கரைகிறது, பாறை உருகுகிறது. ஆனாலும் உள்ளே நடக்கும் காரியத்தில் ஓர் ஒற்றுமை உண்டு. தண்ணீர், கெட்டியான ஒன்றின் பிணைப்புகளுக்குள் புகுந்து அவற்றை அறுக்கிறது. தண்ணீர் பாய்ச்சித் தீ மூட்டும் வேலை பூமிக்கு அடியில் நடக்கிறது என்றால் டெல்டாக்காரர்கள் நம்புவது கஷ்டம்தான்.

உருகிய பாகு சுற்றியுள்ள பாறையைவிட லேசானது, அதனால் மேலே ஏறுகிறது. ஏறும்போது தண்ணீரும் கூடவே கரைந்து வருகிறது. கோலி சோடாவில் கோலி அழுத்தியிருக்கும்வரை வாயு திரவத்துக்குள் அடங்கிக் கிடக்கும், கோலியைத் தட்டியதும் நுரைத்துக்கொண்டு வெளியே பாயும். மேலே வரவர பாரம் குறைகிறது, கரைந்திருந்த தண்ணீர் ஆவியாகிக் குமிழாகிறது, குமிழ்கள் குழம்பைக் கிழித்துக்கொண்டு எகிறுகின்றன. பாரன் தீவின் கூம்பிலிருந்து கங்குகள் பூவாணம் போலத் தெறிப்பது இதனால். பூவாணத்தைத் தள்ளும் ஆவியில் ஒரு பங்கு, என்றோ வங்கக் கடலின் அடியில் பாறைக்குள் இறங்கிய கடல் தண்ணீர்.

இப்படி உருகல் நடக்கும் ஆழத்துக்கு நேர் மேலே வரிசையாக எரிமலைகள் எழும். சுமத்ராவின் மலைகள், பாரன் தீவு, அதற்கு வடக்கே நார்க்கொண்டம், இன்னும் வடக்கே மியான்மரின் போப்பா மலை. எல்லாம் ஒரே மாலையில் கோத்த மணிகள். நடுவில் பல மணிகள் கடலுக்கு அடியிலேயே இருக்கின்றன.

பாரன் தீவு தீ கக்குவதை 1787இல் கப்பலில் போனவர்கள் பதிவு செய்தார்கள். 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேயர் பார்த்தார், போர்ட் பிளேயருக்குப் பெயர் கொடுத்தவர். 1832 வாக்கில் அடங்கியது. பிறகு 159 ஆண்டுகள் புகை, வெந்நீர், கந்தக வாடை தவிர வேறொன்றும் இல்லை. அறுபதும் எண்பதும் பெரிய வயதென்று மாலை மாற்றுகிற நமக்கு 159 ஆண்டு என்றால் எரிமலை செத்தே போயிற்று என்று தோன்றும். 1991 மார்ச்சில் எழுந்தது. பல மாதம் எரிந்து, குழம்பு கடல்வரை ஓடியது. இனி அடங்கிவிடும் என்ற நம்பிக்கையோ என்னவோ, 1993இல் தீவில் ஒரு கலங்கரை விளக்கம் கட்டினார்கள். அடுத்தடுத்து வந்த வெடிப்புகளில் எரிமலை அதை எடுத்துக்கொண்டது. வெளிச்சத்துக்கு அங்கே பஞ்சமில்லை என்று யாரும் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள்.

2017 ஜனவரி 23 அன்று கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ‘சிந்து சங்கல்ப்’ என்ற கப்பலில் அருகே கடல்தரையைத் துழாவி மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று மலை வெடித்தது. ஐந்து பத்து நிமிடம் நீடிக்கும் சிறு சிறு வீச்சுகள். பகலில் பார்த்தால் வெறும் சாம்பல் மேகம். சூரியன் மறைந்த பிறகுதான் தெரிந்தது, அது முழுக்கச் சிவந்த நெருப்பு என்று.

ஆள் இல்லாவிட்டாலும் ஆடு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல்காரர்கள் விட்டுப்போன ஆடுகளின் வாரிசுகள். நல்ல தண்ணீர் இல்லாத தீவில் எப்படிப் பிழைக்கின்றன, கடல் தண்ணீரையே குடிக்கின்றன என்றெல்லாம் வெகுகாலம் பேசிக்கொண்டார்கள். பிற்பாடு தென்கிழக்குப் பக்கத்தில் நன்னீர் ஊற்று இருப்பது தெரிந்தது. ஆடுகளுக்கு அது முன்பே தெரியும்.

இதுவரை சொன்ன தட்டு அமைதியாக நழுவிப் போகிறது என்று நினைத்தால் தவறு. ஆழத்தில் இளக்கமாக நழுவும் தட்டு, மேற்பகுதியில் கடிபட்டு நிற்கிறது. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் கடிபட்டு, வளைந்து, ஒரு நாள் விடுகிறது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே கொஞ்சம் விட்டது. அன்று எழுந்த சிறிய அலையை நாகப்பட்டினத்தில் இருந்த அலைமானி காகிதத்தில் வரைந்து வைத்தது. அந்தக் கோடு எச்சரிக்கை என்று யாரும் படிக்கவில்லை. 2004 டிசம்பர் 26 காலை 6.28க்கு சுமத்ராவில் தொடங்கிய பிளவு வடக்கே அந்தமான்வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டருக்குக் கிழிந்தது. ரிக்டர் அளவுகோலுக்குப் பின் வந்த அளவுகோலில் 9.1. பரம்புப் பலகை ஒரேயடியாக மேலே எகிறியது போல, கடல்தரை உயர்ந்து தண்ணீரைத் தூக்கியது.

அந்த அலை நமக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்பதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். ஆழ்கடலில் சுனாமியின் வேகம், கடலின் ஆழத்தைப் புவியீர்ப்பு எண்ணால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும். வங்கக் கடலின் ஆழம் 3,000 மீட்டர் என்று வைத்தால், விநாடிக்குச் சுமார் 170 மீட்டர், மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். எதிர்க்கரையிலிருந்து இங்கே வர இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அந்த இரண்டு மணி நேரத்தில் யாராவது ஒருவர் தொலைபேசியில் சொல்லியிருந்தால் என்று இந்தக் கரையில் இன்றும் சொல்வார்கள். அப்போது மயிலாடுதுறை, தரங்கம்பாடி எல்லாம் நாகப்பட்டினம் மாவட்டம். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். எதிர்க்கரையில் பெரிய நிக்கோபாரின் தென்முனை நான்கு மீட்டருக்கும் மேலே தாழ்ந்து, இந்திரா முனையின் கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது. வட அந்தமானில் நேர்மாறாக நிலம் உயர்ந்து, பவளப் பாறைகள் வெயிலில் வெளிறிச் செத்தன.

ஐந்து மாதம் கழித்து, 2005 மே மாதம், பாரன் தீவு மறுபடி வெடித்தது. நிலநடுக்கம்தான் எரிமலையை உசுப்பியது என்று பத்திரிகைகள் எழுதின. இருக்கலாம். ஆனால் 1991இலும் 1994இலும் வெடித்தபோது உசுப்ப எந்தப் பெரிய நடுக்கமும் இல்லை. ஒன்றன்பின் ஒன்று வந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகாது. இரண்டுக்கும் பொதுவான காரணம் ஒன்று இருக்கிறதே, வங்கக் கடலின் தரை கீழே போய்க்கொண்டிருப்பது, அதுவே போதும் என்பது என் கட்சி.

நார்க்கொண்டத்தைப் பற்றிக் கொஞ்சம். பாரன் தீவுக்கு வடக்கே, கடலிலிருந்து 710 மீட்டர் செங்குத்தாக எழும் பச்சைக் கூம்பு. பெயர் ‘நரக குண்டம்’ என்பதன் திரிபு என்பார்கள். நரகத்தின் தீக்குழி என்றால் எரிகிற தீவுக்கல்லவா அந்தப் பெயர் பொருந்தும், மாலுமிகள் இரண்டையும் மாற்றிவிட்டார்களோ என்று பழைய ஆய்வாளர்களே ஐயப்பட்டிருக்கிறார்கள். நார்க்கொண்டம் நெருப்பை மறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. முழுக்கக் காடு. அந்தக் காட்டில் ஓர் இருவாச்சி இனம் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் கிடையாது. ஏழு சதுர கிலோமீட்டரை ஒட்டிய ஒரு மலைமுகட்டில் ஒரு பறவையினத்தின் மொத்த வம்சமும் அடங்கியிருக்கிறது. பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ள, ஆண் ஒரு சின்னத் துளை வழியாகப் பழம் ஊட்டும். சரியாகச் சொன்னால் ஆளில்லாத தீவு என்று இதைச் சொல்லக்கூடாது. 1969இலிருந்து ஒரு காவல் சாவடி உண்டு. கடலோரக் காவல்படைக்கு அங்கே ரேடார் வைக்கும் திட்டத்தைச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2012இல் மறுத்தது. 2014இல் அதே அமைச்சகம் அனுமதித்தது. பறவை அதே பறவைதான்.

மேற்குக் கரையிலும் ஆளில்லா எரிமலைத் தீவுகள் உண்டு. உடுப்பிக்கு அருகே மால்பே துறைமுகத்திலிருந்து படகில் போனால் செயின்ட் மேரி தீவுகள், நான்கு சின்னத் தீவுகள். அங்கே தீ அணைந்து எட்டரைக் கோடி ஆண்டுக்கு மேலாகிறது. காரணமும் வேறு: இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்தில், கிழிந்த நிலத்தின் வழியே வந்த குழம்பு அது. இதே வயதுப் பாறைகள் மடகாஸ்கரிலும் கிடைக்கின்றன. போகிறவர்கள் படம் எடுத்துக்கொள்வது அங்கே செதுக்கி நட்டதுபோல் நிற்கும் கல்தூண்களை. ஐந்து முகம், ஆறு முகம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்த இடம்.

முதல்முறை அந்தத் தூண்களின் தலையில் நின்று கீழே பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது. ஜனவரி 28இல் மேட்டூரை மூடுவார்கள், மறுபடி ஜூன் 12. நடுவில் சித்திரை வெயிலில் வயல் வெடித்துக் கிடக்கும். கட்டம் கட்டமாக, விரல் நுழையும் அளவுக்கு. இரண்டுக்கும் விதி ஒன்று. குழம்பு ஆறும்போது சுருங்குகிறது, சேறு காயும்போது சுருங்குகிறது. சுருங்க இடமில்லாத பரப்பு வெடித்துத்தான் தன்னைச் சமாளித்துக்கொள்ளும். முதல்முறை காயும் சேற்றில் ஒரு வெடிப்பு மற்றொன்றைச் செங்கோணத்தில் சந்திக்கும், கட்டங்கள் சதுரம் போல் இருக்கும். அதே சேற்றை நனைத்துக் காயவைத்து, மறுபடி நனைத்துக் காயவைத்துச் சோதித்தவர்கள் கண்டது: ஒவ்வொரு முறையும் சந்திகள் கொஞ்சம் நகர்ந்து, கடைசியில் மூன்று கோடுகள் 120 பாகையில் கூடும் அறுகோணங்களாகிவிடுகின்றன. குழம்பிலோ, வெடிப்பு மேலிருந்து படிப்படியாகக் கீழே இறங்க இறங்க அதே திருத்தம் நடக்கிறது, அதனால் தூண் ஆறு முகத்தை நோக்கிப் போகிறது.

முறை வைத்துத் தண்ணீர் விட்டு, காயவிட்டு, மறுபடி விட்ட வாய்க்கால் கடைசி வயலில் போய்ப் பாருங்கள். பெரியப்பாவின் கொல்லை அப்படிப்பட்டது. போன கோடையில் அதன் வெடிப்புகளை ஒரு கோணமானியை வைத்து அளந்துகொண்டிருந்தேன். வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“அளந்து என்னடா பண்ணப் போற, ஒரு மழை பேஞ்சா மூடிக்கும்.”